மான் முத்திரை

மூஞ்சிக்கல் இறக்கத்தில் ஜெகதீசன் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் டார்ச், பூட்டு, பின்னல் ஊசி,
நடுவே மடங்கிக் கிடந்தது இந்தக் கத்தி.
எலும்புப் பிடி, அதில் பித்தளை மான்.
அலகின் அடியில் அதே கம்பெனிப் பெயர்,
அதற்கும் கீழே எறும்பு எழுத்தில்
வேறொரு நாடு.
அறுநூற்றைம்பது என்றான்.
மானுக்குக் கொம்பு ஒன்று குறைகிறதே என்றேன்.
"அது குட்டி மான், அக்கா."

மூத்த மான் குழந்தைவேலு அண்ணனிடம் இருக்கிறது.
பங்களா ஏலத்தில் எடுத்த சீமைக் கத்தி.
பத்திரம்போல் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார்,
ஒரு பிளம்ஸ்கூட அதில் நறுக்கமாட்டார்.
வில்பட்டியில் அவர் தோட்டமும் என் தோட்டமும்
ஒரே ஓடையில் மோட்டார் போடுகின்றன.
அதனால் எல்லாவற்றிலும் எங்களுக்குள் போட்டி.

என் கத்தியைத் திறந்தார்,
காதருகே வைத்து மூடினார்.
"சத்தம் சரியில்ல ரெஜினா.
என்னுது டக்குங்கும், உன்னுது டொக்குங்குது.
பிடிக்கும் வில்லுக்கும் நடுவுல சந்து பாரு."
பார்த்தேன். ஒரு கீற்று வெயில் தெரிந்தது.
"பேரிக்கன்றுக்குக் காது கிடையாது அண்ணே."

அப்படித்தான் பந்தயம் வந்தது.
நாற்பது நாட்டுக் கன்று, கத்திக்கு இருபது ஒட்டு.
கை மாறினால் கணக்கு மாறும் என்று
இரண்டு கத்தியும் என் கையில்.
தரும்போது அவர் விரல் விடவில்லை,
பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.
சீமைக்குச் சிவப்பு நூல், குட்டி மானுக்கு வெள்ளை.
தோற்றவர் இரண்டு கிலோ பூம்பாறைப் பூண்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
மார்கழிப் பனியில் விரல் மரத்த காலையில்
அவர் கத்தி ஒட்டுக்குச்சியில் இறங்கியது,
பாதி சொன்னதுமே புரிந்துகொள்கிற ஆள் மாதிரி.
ஒரே இழுப்பு. சீவிய முகம் ஈரக் கண்ணாடி.
என்னுடையது ஆறாவது குச்சியிலேயே தயங்கியது.
கல்லில் தேய்த்தேன்.
பத்தாவதில் மறுபடியும் தேய்த்தேன்.
பதினான்காவதில் பொறுமை போய் அழுத்தினேன்,
வழுக்கிப் பெருவிரலில் ஏறியது.
மொண்ணைக் கத்திதான் ஆளை வெட்டும்.

ஆனால் சீமை அலகு
மரச்சாறு பட்டதும் நீலம் பாரித்தது.
அண்ணன் எண்ணெய்த் துணியோடு ஓடி வந்தார்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொடுவதுபோல் தொட்டார்.
என்னுடையதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு
நான் சோறு தின்னப் போனேன்.

தை கடைசியில் காட்டுமாடு வந்தது.
நூலின் நிறம் பார்க்கிற பிராணி இல்லை அது.
சிவப்பில் ஐந்து, வெள்ளையில் ஏழு,
மண்ணோடு மண்.

பங்குனியில் எண்ணினோம்.
சிவப்பில் துளிர்த்தது பதின்மூன்று, வெள்ளையில் பதினொன்று.
"ஜெயிச்சாச்சு" என்றார்.
"பட்டுப்போனது அங்கேயும் ரெண்டு, இங்கேயும் ரெண்டு.
மிதிச்சதுக்குக் கத்தி என்னண்ணே செய்யும்?"
ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நான்,
மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு.
பூண்டு இன்றுவரை கைமாறவில்லை.
துளிர்த்த இருபத்துநாலும்
கப்பலில் வந்த ஜாதிப் பேரி என்பது
அன்றைக்கு இருவருக்குமே நினைவில்லை.

சித்திரையில் ஜெகதீசன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்,
குட்டி மான் ஒன்று அண்ணன் வாங்கிப் போனாராம்,
பிளம்ஸ் நறுக்க.
நான் சிரிக்கவில்லை.
அந்த ஒரே இழுப்பு
இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது,
அதை அவரிடம் சொல்லவில்லை.

என் கத்தியின் ஆணி ஆடுகிறது.
கல்மேல் வைத்துத் தட்டினால்
பத்து நாள் ஆடாமல் இருக்கும்.
போன வாரம் பூண்டு உரிக்கையில்
மான் கழன்று எங்கேயோ விழுந்தது.
தேடவில்லை.
அது இருந்த பள்ளம்
தழும்பு விழுந்த பெருவிரலை வைக்கத்
தோதாக இருக்கிறது.